ஆளில்லாக் காணி

சங்கிலி பிடித்தேன் பதினாறு வருடம்
நில அளவைத் திணைக்களத்தில்.
நூறு கண்ணி, அறுபத்தாறு அடி.
காஞ்சிரங்குடாவில் முள்ளுக்குள்ளால்,
சங்கமன்கண்டியில் மணலுக்கு மேலால்,
அட்டை கடிக்கக் கடிக்க வயலுக்கு நடுவால்.
என் கால் போன இடமெல்லாம்
யாரோ ஒருவரின் உறுதியில் கோடாகக் கிடக்கிறது.

ஜீப் புரண்டது சாகாமத்தில்.
"ஊர்ப் பேரே காப்பாத்திப் போட்டுது"
பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
தொப்புளுக்குக் கீழே
என்னை யாரோ மடித்து வைத்திருந்தார்கள்
இனி உடுக்காத சாரம்போல.

முதல் வருடம் முழுக்க முதுகைப் பற்றியே பேச்சு.
புண் வராமலிருக்க
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப்
புரட்டிப் போட்டாள் கோமளேஸ்.
மூத்திரப் பையில் எவ்வளவு என்று
கொப்பியில் எழுதினாள்.
தலையை ஒருவரும் பார்க்கவில்லை.
தலைதானே,
விழுந்த அன்று ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால்
பால்மா என்று சொல்ல வாயெடுத்தால்
பால்மா இருக்காது அங்கே.
சீட்டுக் கணக்கு பாதியில் அறுந்து போகும்.
கடைசி மகளைக் கூப்பிட
மூத்தவளின் பெயர் வந்தது,
தங்கச்சியின் பெயர் வந்தது,
செத்துப்போன நாயின் பெயரும் வந்தது.
மறுகா அந்தப் பிள்ளை
கூப்பிட்டால் வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

இரவில் இடது குதிக்காலில் அட்டை.
கிள்ளினாலும் தெரியாத காலில்
அது மட்டும் தெரிந்தது.
லைட்டைப் போடு என்று கத்துவேன்.
போடுவாள். ஒன்றும் இராது.
அணை என்பேன்.
அணைத்தபின் அவள் அழுவது
ஃபேன் சத்தத்துக்குள் கேட்கும்.
கிணறு எத்தனை கண்ணி ஆழம் என்று
மனதுக்குள் அளந்தேன், பலமுறை.
அதற்கும் கோமளேஸ்தான்
தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்பதால்
அளவு அளவோடு நின்றது.

அக்கரைப்பற்று ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை.
கை பிடித்துப் பயிற்சி தரும் நஸ்லியா
கிளினிக் அட்டையின் பின்புறம் ஒரு தலை கீறினாள்.
"இஞ்ச கால். இஞ்சால இடுப்பு. அங்கால கை.
கால்ல இருந்து ஒரு செய்தியும் வராட்டி
இந்த இடம் சும்மா கிடக்கும் எண்டா நினைக்கிறீங்க அண்ணன்?
பக்கத்துக்காரன் உள்ளுக்கு வருவான்."

எனக்கா சொல்லவேண்டும்?
முதலில் ஒரு மாடு கட்டுவான்.
அடுத்த மாரியில் நாலு வாழை.
பிறகு வேலி.
கம்பியில் கடைப் பளபளப்பு போயிருக்காது,
"எங்கட அப்பர் ஆண்ட காணி" என்பான்
என் முகத்தைப் பார்க்காமல்.

"நோவும் அந்தச் சண்டையில வாறதுதான் எண்டு சொல்றாங்க.
முழுசா எங்களுக்கும் தெரியா.
முதுகுல பட்ட காயம் முதுகோட நிக்கிறல்ல.
மறதி வரும், மனசு விழும்.
விசர் இல்ல அண்ணன்,
அதுவும் இந்தக் காயந்தான்."

நடைவழிக் கடைசியில் மனநலப் பிரிவு.
தம்பிலுவில் ஆட்கள் கண்டால் என்று
நாலு செவ்வாய் கதவடியில் திரும்பினேன்.
ஐந்தாவதில் மழை.
ஒதுங்கியது மாதிரி உள்ளே போனேன்.
தூக்கம் வருதா என்று கேட்டார்கள்.
நான் கிணற்றைச் சொன்னேன்.

வரும்வழியில் சில்லை நானே உருட்டினேன்.
தார், கொங்கிரீட், மணல், நசிந்த வேப்பம்பழம்
எல்லாம் தெரிந்தது உள்ளங்கைக்கு.
என் கைக்கு எப்போது இவ்வளவு அறிவு?
கால் விட்ட பேர்ச்சுகளில்
இவன்தான் வாழை வைக்கிறானோ.
கோபம் வந்தது.
கோபித்து எங்கே வழக்குப் போட?

அன்றிரவும் அட்டை.
கத்தவில்லை.
"கோமளேஸ், வந்திட்டுது."
"எந்தப் பக்கம்?"
"இடது குதி."

லைட்டைப் போடாமல் எழும்பிப் போனாள்.
குசினியில் தகரமூடி திறந்த சத்தம்.
வந்து, இருட்டில் தடவிப் பார்த்து,
ஒரு பிடி உப்பை
அந்தக் குதிக்காலில் வைத்து அழுத்தினாள்
(அழுத்தினாள் என்றுதான் நினைக்கிறேன்).

"விழுந்திட்டா?"
"இன்னும் இல்ல.
கொஞ்ச நேரம் இரு."